புதுவரவு வீரர்களின் அட்டைகள்: ஒரு ஜயன்ட்ஸ் ரசிகரின் சேகரிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் வசிக்கும் அஞ்சல் ஊழியர். வயது ஐம்பதைத் தாண்டியவர், சிறு வயதிலிருந்தே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள்தான் சேகரிப்பின் வரவு செலவை எக்செல்லில் பதிந்து வைக்கிறார். நான் இவர்களோடு நெடுங்காலமாக அட்டை மாற்றிக்கொள்பவன். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு, நடந்ததை எழுத இருவரும் சம்மதித்தார்கள்.

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்ப்பவர்கள் பல வகை. சிலர் ஒரு வீரரை மட்டும் பின்தொடர்வார்கள். சிலர் ஒரு வருடத்தின் முழுத் தொகுப்பையும் எண் வரிசையில் முடிப்பார்கள். இவருடைய வழி கொஞ்சம் வித்தியாசமானது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஜயன்ட்ஸ் அணி வெளியிலிருந்து ஒப்பந்தம் செய்து கொண்டுவரும் வீரர்களின் அட்டைகளை மட்டுமே சேர்க்கிறார். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு பக்கம். உறைகள் கொண்ட அந்த பிளாஸ்டிக் பக்கங்கள் கனத்த கறுப்பு பைண்டர்களில் ஆண்டு வாரியாக இருக்கின்றன.

இது தொடங்கியது பேரி பாண்ட்ஸால். 1992 டிசம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியிலிருந்து ஜயன்ட்ஸுக்கு வந்தார் பாண்ட்ஸ். ஆறு வருடம், 4 கோடியே 37.5 லட்சம் டாலர். அவருடைய அப்பா பாபி பாண்ட்ஸ் இதே அணியில் ஆடியவர், ஞானத்தந்தை இதே அணியின் நட்சத்திரமான வில்லி மேஸ். அதனால் ஊரே அதை ஒரு வீட்டுப் பிள்ளை திரும்பி வந்ததாகத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் டாப்ஸ் என்ற அட்டை நிறுவனத்தின் 1993 தொகுப்பைப் பிரித்தால், இரண்டாம் எண் அட்டையில் பாண்ட்ஸ் இன்னும் பைரேட்ஸ் உடையில் நிற்கிறார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அணி மாறியவர்களுக்காகத் தனிப் பெட்டியாக வந்த ‘டிரேடெட்’ தொகுப்பில்தான் ஜயன்ட்ஸ் உடையில் வந்தார். ஒரே ஆள், ஒரே வருடம், இரண்டு அணி. அப்போது கல்லூரி வயதில் இருந்த நம் சேகரிப்பாளர் அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்து உறையில் செருகினார். அந்த ஜோடிதான் முதல் பக்கம்.

2022 டிசம்பர்

ஏறத்தாழ முப்பது வருடம் சிக்கலில்லாமல் போன பழக்கம் 2022 குளிர்காலத்தில் தடுமாறியது. அந்த டிசம்பரில் ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கு இரண்டு பெரிய ஏமாற்றங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

முதலாவது ஆரன் ஜட்ஜ். அந்தப் பருவத்தில் 62 ஹோம்ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை உடைத்திருந்தவர். வட கலிபோர்னியாவின் லிண்டன் ஊர்க்காரர், சின்ன வயதில் ஜயன்ட்ஸ் ரசிகர். டிசம்பர் 6 அன்று, அவர் ஜயன்ட்ஸுக்குப் போவதாகத் தெரிகிறது என்று பிரபல செய்தியாளர் ஒருவர் ட்விட்டரில் எழுதினார். சில நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த நிமிடங்களுக்குள் நம்மவர், அப்போது நியூயார்க் யாங்கீஸ் அணியில் இருந்த ஜட்ஜின் அட்டை ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டார். மறுநாள் ஜட்ஜ் ஒன்பது வருடம் 36 கோடி டாலருக்கு யாங்கீஸிலேயே தங்கிவிட்ட செய்தி வந்தது.

இரண்டாவது கார்லோஸ் கொரேயா. டிசம்பர் 13 இரவு, 13 வருடம் 35 கோடி டாலருக்கு ஜயன்ட்ஸோடு உடன்பாடு என்று செய்தி. இந்த முறை அது வதந்தி இல்லை. உடன்பாடு உண்மையிலேயே நடந்திருந்தது, மருத்துவப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. மறுநாளே நம்மவர் கொரேயாவின் 2015 ரூக்கி (அறிமுக ஆண்டு) அட்டைகளில் சிலவற்றை வாங்கினார். அவை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் காலத்தவை. அதோடு நிற்கவில்லை. ரசிகர்கள் தாங்களே கணினியில் வடிவமைத்து அச்சிட்டு விற்கும் ‘கஸ்டம்’ அட்டைகளில், கொரேயா ஜயன்ட்ஸ் உடையில் இருப்பதுபோல் செய்த ஒன்றையும் வாங்கினார். எல்லாம் சேர்த்து சுமார் 200 டாலர். கோடீஸ்வரர்கள் புழங்கும் இந்த உலகத்தில் அது சின்னத் தொகைதான். அவருக்கு அது அந்தக் குளிர்காலத்தின் மொத்த அட்டைப் பணம்.

டிசம்பர் 20 காலையில் அறிமுகக் கூட்டம் நடப்பதாக இருந்தது. தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது தள்ளிவைத்தார்கள். கொரேயாவின் பழைய கால் காயம் பரிசோதனையில் கேள்விக்குள்ளானது. அன்றிரவே நியூயார்க் மெட்ஸ் 12 வருடம் 31.5 கோடி டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டதாகச் செய்தி. அதே காலைப் பார்த்து மெட்ஸ் அணியும் தயங்கியது. கடைசியில் 2023 ஜனவரியில் ஆறு வருடம் 20 கோடிக்கு, 2022இல் ஆடிய மினசோட்டா ட்வின்ஸுக்கே திரும்பிப் போனார். ஒரே மாதத்தில் மூன்று அணி. ஜயன்ட்ஸுக்காக அவர் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை.

ரூக்கி அட்டைகளைப் பிப்ரவரிக்குள் விற்றதில் போட்ட பணத்தில் பாதி திரும்பி வந்தது. கஸ்டம் அட்டையை வாங்க ஆள் இல்லை.

ஏப்ரலில் பைண்டரில் கண்டது

பருவம் தொடங்கியதும் நானும் அவருடைய மகளும் சேர்ந்து அந்தக் குளிர்காலத்தின் பக்கத்தைப் பார்த்தோம். உண்மையில் வந்து சேர்ந்தவர்கள் பலர்: மிட்ச் ஹானிகர், ராஸ் ஸ்ட்ரிப்ளிங், ஷான் மனாயா, டெய்லர் ரோஜர்ஸ், மைக்கேல் கன்ஃபோர்டோ, லூக் ஜாக்சன். யாரும் ஜட்ஜ் அளவு நட்சத்திரம் இல்லை. அணியை நிரப்பும் நல்ல ஆட்கள்.

பக்கத்தில் இருந்த அட்டைகள் இவை. ஹானிகர் சியாட்டில் மரினர்ஸ் உடையில். ஸ்ட்ரிப்ளிங் டொரான்டோ உடையில். மனாயா சான் டியேகோ உடையில். ஜாக்சன் அட்லான்டா உடையில். தோள் அறுவை சிகிச்சையால் 2022 முழுவதும் ஆடாத கன்ஃபோர்டோவின் படம் அதற்கும் முந்தைய மெட்ஸ் படம். ஜயன்ட்ஸ் சேகரிப்பின் ஒரு முழுப் பக்கத்தில் ஜயன்ட்ஸ் உடையில் இருந்தது ஒரே ஒருவர்.

அந்த ஒருவரும் தவறான ஆள் என்பது மகள் அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. இணையத்தில் ‘டி. ரோஜர்ஸ், ஜயன்ட்ஸ்’ என்று பட்டியலிட்டிருந்ததைப் பார்த்து வாங்கியது அது. டெய்லர் ரோஜர்ஸுக்கு டைலர் ரோஜர்ஸ் என்ற இரட்டைச் சகோதரர் உண்டு. அவர் அப்போது 2019 முதலே ஜயன்ட்ஸில் இருந்தவர். இருவரும் பிட்சர்கள். முகம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் டெய்லர் இடது கை, டைலர் வலது கையால் தரையை உரசுவதுபோலத் தாழ வீசுபவர். பின்பக்கத்தில் உயரம், எடைக்குப் பக்கத்தில் வலது கை என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. இத்தனை வருடம் அனுபவம் உள்ளவர் இதைக் கவனிக்கவில்லை என்றால், காரணம் ஒன்றுதான்: அந்த டிசம்பரில் அவர் அட்டைகளைப் பார்த்து வாங்கவில்லை, செய்திகளைப் பார்த்து வாங்கினார்.

இன்னொரு அட்டையையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அந்த ஆண்டு வேறொரு வீரருக்கு வந்தது, கணினியில் உடை மாற்றிய படம். தொப்பியில் எஸ்எஃப் எழுத்து சரியாகத்தான் இருந்தது. சட்டை மடங்கும் இடத்தில் மார்பு எழுத்து மட்டும் மடங்காமல் நேராகக் கிடந்தது. உள்சட்டையின் கை பழைய அணியின் நிறத்திலேயே இருந்தது. பின்னால் மங்கலாகத் தெரிந்த தடுப்புச்சுவர் ஜயன்ட்ஸ் மைதானத்தின் சுவர் இல்லை. அந்த ஆள் அந்த உடையைப் போடுவதற்கு முன்பே எடுத்த படம் என்பதற்கு இவ்வளவும் போதும்.

அட்டை எப்போது அச்சாகிறது

அவருடைய முடிவுகள் புரிய வேண்டுமானால் அச்சுக் காலக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். டாப்ஸ் நிறுவனத்தின் முதன்மைத் தொகுப்பின் முதல் பகுதி பிப்ரவரி வாக்கில் வருகிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் முந்தைய பருவத்துப் படங்கள். இரண்டாம் பகுதி கோடையின் தொடக்கத்தில். ‘அப்டேட்’ எனப்படும் மூன்றாம் பகுதி இலையுதிர் காலத்தில், பருவம் முடிகிற சமயத்தில். குளிர்காலத்தில் கையெழுத்திட்டவர் புது உடையில் மைதானத்தில் நிற்கும் உண்மையான படம் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் வந்து சேரும்.

இந்த இடைவெளி இன்று நேற்று வந்ததில்லை. 1974இல் அணி மாறியவர்களுக்காக 44 அட்டைகளை அச்சடித்து வழக்கமான பாக்கெட்டுகளுக்குள்ளேயே போட்டது டாப்ஸ். 1976இல் மறுபடியும் செய்தது. 1981 முதல் ‘டிரேடெட்’ தனிப் பெட்டியாக ஆண்டுதோறும் வரத் தொடங்கியது. அப்டேட் இதன் வாரிசுதான். அதற்கெல்லாம் முன்பு ஓவியர்கள் தூரிகையால் பழைய தொப்பிமேல் புதுச் சின்னத்தை வரைந்து சமாளித்தார்கள். பலரைத் தொப்பியில்லாமலே படம் எடுத்து வைத்துக்கொள்வதும் வழக்கம். நாளைக்கு அவர் எங்கே போனாலும் அந்தப் படம் உதவும்.

அப்படியும் சிலர் நழுவிப் போனார்கள். ரெஜி ஜாக்சன் 1976 பருவத்தில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு ஆடினார். அந்த வருட அட்டையில் ஓக்லாண்ட் உடையில் இருக்கிறார், அடுத்த வருட அட்டையிலோ யாங்கீஸ் உடையில். நடுவில் ஆடிய அந்த ஒரு வருடத்துக்கு டாப்ஸின் வழக்கமான அட்டையே இல்லை. ஓரியோல்ஸ் உடையில் அச்சுச் சோதனைக்காக எடுத்த அட்டை பின்னாளில் வெளிவந்து, இன்று அரும்பொருளாக மதிக்கப்படுகிறது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சான் டியேகோ பாட்ரஸ் அணி வாஷிங்டனுக்கு இடம் மாறப்போகிறது என்று நம்பி, 1974இல் அந்த அணியின் சில அட்டைகளில் வாஷிங்டன் என்றே அச்சடித்துவிட்டார்கள். அணி எங்கும் போகவில்லை. நம் சேகரிப்பாளரின் கொரேயா அட்டை அந்த வரிசையில்தான் சேரும் என்பேன். நடக்கவிருந்து நடக்காமல் போன ஒன்றின் சான்று அது. அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் புதுவரவுப் பக்கத்தில் அதற்கு இடமில்லை.

2016இல் டாப்ஸ் நவ் வந்தபின் இந்த இடைவெளி சுருங்கியதுபோல் ஒரு தோற்றம் ஏற்பட்டது. நேற்று நடந்ததற்கு இன்று அட்டை. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை மட்டும் அச்சிட்டு, எண்ணிக்கையையும் பின்னர் வெளியிடுவார்கள். குளிர்கால ஒப்பந்தங்களுக்கும் இப்படி அட்டை வருகிறது. ஆனால் படம் எங்கிருந்து வரும்? ஒப்பந்தம் முடிந்த வாரத்தில் அந்த வீரர் புது உடையில் ஒரு பந்துகூட ஆடியிருக்க மாட்டார். கணினியில் மாற்றிய படமோ, அறிமுகக் கூட்டத்தில் கோட்டுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும் படமோதான் கிடைக்கும்.

பனினி நிறுவனத்தின் அட்டைகள் வேறு வகைச் சிக்கல். வீரர் சங்கத்தின் உரிமை அவர்களிடம் இருந்தது, லீகின் உரிமை இல்லை. அதனால் அணிச் சின்னமும் பெயரும் இருக்காது. தொப்பி மொட்டையாக இருக்கும், கீழே ஊர்ப்பெயர் மட்டும். வீரர் ஜயன்ட்ஸில் இருக்கிறார் என்பதற்குச் சட்டையின் நிறத்தைத்தான் நம்ப வேண்டும்.

எடுத்த முடிவுகள்

2023 கோடையில் தந்தையும் மகளும் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். விலையை வைத்து விதி போட வேண்டாம், பக்கத்தில் எது இருக்கலாம் என்பதை வைத்துப் போடுங்கள் என்றேன். அவர்கள் ஏற்கெனவே அந்தப் பாதையில்தான் இருந்தார்கள்.

முதல் முடிவு, அணி தானே அறிவிக்கும்வரை ஒரு டாலர்கூடச் செலவழிப்பதில்லை என்பது. உடன்பாடு வேறு, ஒப்பந்தம் வேறு. நடுவில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. பத்தில் ஒன்பது முறை அது சம்பிரதாயமாக முடிந்துவிடும் என்று தந்தை வாதாடினார். அந்தப் பத்தாவது முறைதானே நம்மிடம் இருநூறு டாலரை வாங்கிக்கொண்டு போனது என்றார் மகள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து, ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு உறை. இடப்பக்கம் பழைய அணியின் கடைசி அட்டை, வலப்பக்கம் ஜயன்ட்ஸ் உடையில் மைதானத்தில் எடுத்த படம் உள்ள அட்டை. பாண்ட்ஸ் ஜோடி தற்செயலாகக் காட்டியதை இப்போது வழக்கமாக்கினார்கள். கணினியில் மாற்றிய படம் வலப்பக்க உறைக்குள் தற்காலிகமாக இருக்கலாம், ஆனால் உறையின் மூலையில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். உண்மைப் படம் கிடைத்ததும் அது வெளியேறும். பனினி அட்டை இடப்பக்கத்துக்குச் சரி, வலப்பக்கத்துக்கு ஆகாது.

மூன்றாவது முடிவுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. வலப்பக்க உறைக்கான அட்டையை அப்டேட் தொகுப்பு வரும்வரை வாங்குவதில்லை. ஒப்பந்தச் செய்தி சூடாக இருக்கும் வாரங்களில்தான் எல்லோரும் அந்தப் பெயரைத் தேடுகிறார்கள். விற்பவர்களுக்கும் அது தெரியும். அக்டோபர், நவம்பரில் அதே வீரரின் சாதாரண அட்டை கடைகளில் சில்லறை விலைப் பெட்டியில் கிடக்கும். இதில் இழப்பும் உண்டு. எண்ணிட்டு வரும் சிறப்பு அட்டைகள் தேவைப்பட்டால் காத்திருப்பது ஆபத்து. அது தெரிந்தேதான் முடிவெடுத்தார். அவருக்கு வேண்டியது அரிதான அட்டை இல்லை, சரியான அட்டை.

அட்டையே வராத வீரர்களுக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. நடுப்பகுதி இன்னிங்ஸ்களில் வந்து போகும் ரிலீவர்களும் (மாற்றுப் பந்துவீச்சாளர்களும்) மாற்று கேட்சர்களும் பல சமயம் எந்தத் தொகுப்பிலும் இடம்பெறுவதில்லை. இவர்களுக்கு வெற்று இண்டெக்ஸ் அட்டை ஒன்றையும் தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் ஒரு சின்னக் கடிதத்தோடு மைதான முகவரிக்கு அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். தபால்வழிக் கையெழுத்து இந்தப் பொழுதுபோக்கில் பழைய, நல்ல பழக்கம். ஓர் அஞ்சல் ஊழியருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

2023–24 குளிர்காலம்

விதிகளுக்கு உடனே சோதனை வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஜயன்ட்ஸ் கை தாராளமாக இருந்தது. டிசம்பரில் தென் கொரியாவிலிருந்து லீ ஜங்-ஹூ, ஆறு வருடம் 11.3 கோடி டாலர். ஜனவரியில் ஜோர்டன் ஹிக்ஸ். பிப்ரவரியில் ஹோர்ஹே சோலர். மார்ச்சில் மாட் சாப்மன். பருவம் தொடங்கப் பத்து நாள்கூட இல்லாத நிலையில் பிளேக் ஸ்னெல், இரண்டு வருடம் 6.2 கோடிக்கு.

லீ விஷயத்தில் வீட்டுக்குள்ளேயே பெரிய விவாதம். அவருடைய அப்பா லீ ஜாங்-பொம் கொரிய பேஸ்பாலில் ‘காற்றின் மகன்’ என்று பெயர் வாங்கியவர். அதனால் மகன் ‘காற்றின் பேரன்’. கொரியாவில் ஏழு வருடம் ஆடியிருந்தாலும் அமெரிக்காவில் அவர் ரூக்கி. அட்டையில் ஆர்சி (ரூக்கி கார்டு) முத்திரை வரும், ஆர்சி என்றாலே விலை ஏறும். மார்ச் 30 அன்று முதல் ஹோம்ரன் அடித்ததும், இப்போதே கையெழுத்திட்ட ரூக்கி அட்டை ஒன்றை எடுத்துவிடலாம் என்றார் மகள். இந்த முறை தந்தை விதியைப் பிடித்துக்கொண்டார். மகள் விலையை மட்டும் விரிதாளில் குறித்து வைத்தார்.

மே 12 அன்று ஒரு பந்தைப் பிடிக்க ஓடி, ஜயன்ட்ஸ் மைதானமான ஓரக்கிள் பார்க்கின் நடுமைதானச் சுவரில் மோதினார் லீ. இடது தோள் விலகியது. அறுவை சிகிச்சை. 37 ஆட்டங்களோடு அவருடைய முதல் பருவம் முடிந்தது. அந்த இலையுதிர் காலத்தில் அதே வகை அட்டை, மகள் ஏப்ரலில் குறித்த விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது. ஒருவர் அடிபட்டதால் கிடைத்த சலுகையை வெற்றி என்று சொல்ல அவர்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. எனக்கும் அது சரியாகப் பட்டது. வாங்கியது சாதாரண அட்டைதான்.

சோலர் வேறு மாதிரிச் சிக்கல் கொடுத்தார். அவரை ஜூலை இறுதியில், லூக் ஜாக்சனோடு சேர்த்து, அட்லான்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். பிப்ரவரியில் வந்தவர் ஆகஸ்டில் இல்லை. அப்டேட்வரை காத்திரு என்ற விதி இங்கே ஓட்டையானது. அதற்குள் ஆள் வேறு அணியில். வலப்பக்க உறை பல வாரம் காலியாகவே இருந்தது. கடைசியில் ஓர் அட்டைச் சந்தையில், ஆளுக்காள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்தில், டாலருக்கு நாலு என்று எழுதிய நீளப் பெட்டியில் ஜயன்ட்ஸ் உடையில் அவரைக் கண்டுபிடித்தார் மகள். ஜாக்சனும் அதே நாளில் அணியை விட்டுப் போனவர். முந்தைய பக்கத்தில் அவருடைய வலப்பக்க உறை இன்னமும் காலிதான்.

ஸ்னெல்லும் ஒரு விதிவிலக்கும்

பிளேக் ஸ்னெல் வந்த கதை இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது. முந்தைய ஆண்டில்தான் சான் டியேகோவுக்காக இரண்டாம் முறை, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியிருந்தார். தாமதமாகக் கையெழுத்திட்டதால் வசந்தகாலப் பயிற்சியில்லாமல் நேரே களத்துக்கு வந்தார். முதல் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை, மூன்று தோல்வி, இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) 9.51. காயம் வேறு. மார்ச்சில் அவருடைய அட்டைகளை அள்ளியவர்கள் ஜூனில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். என் மேசைக்கே சிலர் கொண்டுவந்தார்கள்.

ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில் ஸ்னெல் நோ-ஹிட்டர் வீசினார். ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அதற்குமுன் அவர் தன் வாழ்க்கையில் ஒரு முழு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. ஜயன்ட்ஸ் 3–0 என்று வென்றது. அதற்கான டாப்ஸ் நவ் அட்டை விற்பனைக்கு வந்தபோது தந்தை எனக்குப் போன் செய்தார். அப்டேட்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த அட்டையில் இருப்பது ஜயன்ட்ஸின் சாம்பல் நிற வெளியூர் உடையில், உண்மையான ஆட்டத்தில், உண்மையான ஸ்னெல். விதி எதற்காக எழுதப்பட்டது என்று பார்த்தால் இந்த அட்டை அதற்கு முழுக்கப் பொருந்துகிறது. வாங்குங்கள் என்றேன். மகளும் அதையே சொன்னார்.

அன்றிரவே மூன்றாவது விதியைத் திருத்தி எழுதினார்கள்: ஒப்பந்தத்துக்காக வரும் அட்டையை வாங்குவதில்லை, ஆட்டத்துக்காக வரும் அட்டையை எப்போதும் வாங்கலாம். சோலரால் தெரிந்த ஓட்டையும் இதில் அடைபட்டது. முன்பு எழுதியது காலத்தை வைத்து, இப்போது எழுதியது படத்தை வைத்து. இதுதான் சரியான எல்லைக்கோடு என்று நினைக்கிறேன். ஒருவர் நம் அணிக்காக என்ன செய்தார் என்பதைத்தானே இந்தப் பைண்டர் காட்ட வேண்டும்.

அந்த நவம்பரில் ஸ்னெல் ஒப்பந்தத்திலிருந்து விலகி, ஐந்து வருடம் 18.2 கோடி டாலருக்குப் பரம வைரியான டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார். ஜயன்ட்ஸ் ரசிகருக்கு அதைவிடக் கசப்பான இடம் கிடையாது. நோ-ஹிட்டர் அட்டையை எடுத்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, அதை அங்கேயே விட்டார்.

விளைவு

2024 முடிவில் பக்கத்தின் நிலை: முக்கியமான ஐந்து பேருக்கும் இரண்டு உறையும் நிரம்பிவிட்டன. வலப்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை எதுவும் இல்லை. மொத்தச் செலவு முந்தைய குளிர்காலத்தில் கொரேயாவுக்கு மட்டும் போனதைவிடக் குறைவு, அதில் பெரும்பங்கு நோ-ஹிட்டர் அட்டைக்கே. 2022–23 பக்கத்தையும் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்தார்கள். ஹானிகரும் ஸ்ட்ரிப்ளிங்கும் 2024 தொடங்கும் முன்பே வேறு அணிக்குப் போயிருந்ததால், அவர்களுடைய ஜயன்ட்ஸ் அட்டைகள் யாருக்கும் வேண்டாதவையாகக் கிடந்தன. இடது கை டெய்லர் ரோஜர்ஸும் கிடைத்தார். டைலரின் அட்டை அவருக்குப் பக்கத்து உறையிலேயே இருக்கிறது, விதிக்குப் புறம்பாக. அண்ணன் தம்பியைப் பிரிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

தபாலில் அனுப்பிய இண்டெக்ஸ் அட்டைகளில் ஒன்று பல மாதம் கழித்துக் கையெழுத்தோடு திரும்பி வந்தது. நீல ஷார்ப்பி பேனா, பெயருக்குக் கீழே சட்டை எண். இன்னொன்று வரவில்லை.

கொரேயாவின் கஸ்டம் அட்டை பற்றி மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நடக்காத ஒன்றுக்குப் பைண்டரில் வேலையில்லை என்றார் மகள். அந்த டிசம்பரை அனுபவித்தவனுக்கு அது நடந்ததுதான் என்றார் தந்தை. பைண்டரின் பின்னட்டையின் உட்புறத்தில், வரிசைக்கு வெளியே, ஒரு தனி உறையில் வைப்பதாகச் சமரசம்.

மாற்ற நினைப்பவை

வாங்கும்போதே பின்பக்கத்தைப் படம் கேட்டுப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டு விற்பவரிடம் முழுப்பெயரைக் கேட்காமல் வாங்குவதில்லை. எண்ணிட்ட சிறப்பு அட்டைகளுக்கு வருடத்துக்கு ஒன்று என்று தனிப் பணம் ஒதுக்கலாம் என்பது மகளின் யோசனை. தந்தை இன்னும் சம்மதிக்கவில்லை. எனக்கு அது நல்ல யோசனையாகவே தெரிகிறது. பத்து வருடம் கழித்து இந்தப் பக்கங்களைப் புரட்டுபவருக்கு, அந்த ஆண்டின் மிகச் சிறந்த அச்சு எப்படி இருந்தது என்பதும் ஓரிடத்திலாவது தெரிய வேண்டும்.

தீராத கேள்வி ஒன்றும் இருக்கிறது. 2025 ஜூனில் பாஸ்டனிலிருந்து ரஃபயேல் டெவர்ஸ் வந்தார். அவரை ஜயன்ட்ஸ் ஒப்பந்தம் செய்யவில்லை. 31.35 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டனோடு ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தவரை, அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்து மாற்றிக்கொண்டார்கள். குளிர்காலமும் இல்லை, புதுக் கையெழுத்தும் இல்லை. மகள் கணக்கில் அவர் புதுவரவுப் பக்கத்துக்கு வரமாட்டார். தந்தையோ, 1974இல் டாப்ஸ் இந்த அட்டைகளைத் தொடங்கியதே மாற்றப்பட்டவர்களுக்காகத்தான் என்கிறார். டெவர்ஸுக்காக பாஸ்டனுக்குக் கொடுத்தவர்களில் 2023–24 பக்கத்து ஜோர்டன் ஹிக்ஸும் ஒருவர். இப்போதைக்கு டெவர்ஸின் இரண்டு அட்டைகளையும் டாப்லோடர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தனியே வைத்திருக்கிறார்கள்.